ரெண்டு நாள் ரியல் எஸ்டேட் கிளாஸ்: முதல் நாள் வேஸ்ட், ரெண்டாவது நாள் காலை மட்டும் குடுத்த காசுக்கு வொர்த்து

நாலஞ்சு பேர் தனித்தனியா கேட்டுட்டாங்க, அந்த ரியல் எஸ்டேட் இன்வெஸ்ட்மென்ட் கிளாஸுக்கு போனீங்களே எப்படி இருந்துச்சு, காசு கட்டலாமா வேணாமான்னு. ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் நோட் அனுப்ப என்னால முடியல, அதான் மொத்தமா எழுதிடறேன். நடத்தறவங்க பேரு போடல, ஏன்னா இதே கிளாஸ் வேற வேற பேர்ல சென்னை கோயம்புத்தூர் மதுரைன்னு எல்லா ஊர்லயும் நடக்குது, போஸ்டர் கூட ஒரே மாதிரிதான், கோட் போட்ட ஒருத்தர் கைய கட்டிட்டு நிப்பாரு, பின்னாடி அபார்ட்மென்ட் படம், மேல "9 டு 5 வேலைக்கு குட்பை சொல்லுங்க". நீங்க பார்த்ததும் இதுவாத்தான் இருக்கும்.

ஃபீஸ் 7,500 ரூபாய், ரெண்டு நாள், மதிய சாப்பாடு, ஒரு ஸ்பைரல் புக்கு. என் ரேட்டிங் அஞ்சுக்கு ரெண்டரை. அந்த ரெண்டரையும் ஒரே ஒரு வக்கீல் சாருக்காக.

நான் யாருன்னு கொஞ்சம் சொல்லிடறேன், இல்லன்னா எந்த கண்ணுல பார்த்து எழுதறேன்னு புரியாது. நான் ஏஆர் காலிங்ல இருந்தவ. அமெரிக்கா ஆஸ்பத்திரி பில்லுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி ஏன் காசு தரலன்னு நைட் முழுக்க போன் பண்ணி கேக்கற வேலை. சாயங்காலம் ஆறரைக்கு கேப் வரும், விடியக்காலைல நாலு மணிக்கு வீட்டு வாசல்ல இறக்கி விடும், புள்ளைங்க ஸ்கூலுக்கு கிளம்பற நேரத்துல எனக்கு கண்ணு சொக்கும். வருஷக்கணக்கா இப்படியே ஓடி, தைராய்டு, பிபி, முதுகுவலி எல்லாம் வரிசையா வந்து சேர்ந்தப்புறம் வேலைய விட்டேன். விட்டதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா இந்த கிளாஸ்ல சொல்ற மாதிரி விடல, அத கீழ சொல்றேன்.

முதல் நாள். ஹோட்டல் ஹால், ஏசி, காலைலயே ஸ்பீக்கர்ல டம் டம்னு பாட்டு. வந்தவங்கள்ல பாதி பேர் ஐடி, கொஞ்சம் பேர் பேங்க்ல டார்கெட் தாங்க முடியாதவங்க, ரெண்டு நர்ஸ், ரிட்டயர் ஆன தாத்தா ஒருத்தர். கோட் சார் மேடைக்கு வந்து "திங்கக்கிழமை காலைல எந்திரிக்கவே புடிக்காதவங்க கைய தூக்குங்க"ன்னாரு, எல்லா கையும் மேல. "பாஸ் மூஞ்சிய பார்த்தா எரிச்சல் வர்றவங்க?" திரும்பவும் எல்லா கையும். மதியம் வரைக்கும் இதேதான்ப்பா. களைச்சுப் போய் உக்காந்திருக்கற ஆளுங்க கிட்ட நீ களைச்சிருக்கன்னு சொல்றதுக்கு 7,500 ரூபாயா?

என் பக்கத்துல ஒரு தம்பி, ஓஎம்ஆர்ல வேலை, சப்போர்ட் ப்ராஜெக்ட். "அக்கா நீங்க நிஜமாவே விட்டுட்டீங்களா? வீட்ல எப்படிக்கா ஒத்துக்கிட்டாங்க?"ன்னு பிரேக்ல கேட்டான். அடுத்த வாரம் வேலைய விட பேப்பர் போடறதா இருந்தான். ஹோம் லோன் எதாவது இருக்காப்பான்னு கேட்டேன். இல்லக்கா, வேலைய விட்டுட்டு முதல்ல ஒரு ஃப்ளாட் வாங்கலாம்னு இருக்கேன், வாடகையே ஈஎம்ஐய கட்டிடும்னு சார் சொன்னாரேன்னான். எனக்கு பக்குனு ஆயிடுச்சு.

ஏன்னா இந்த கிளாஸோட பெரிய ஓட்டையே அதுதான். வேலைய விட்ட மறுநாள் உங்களுக்கு பேங்க்ல மரியாதை கிடையாது. சாலரி ஸ்லிப் இல்லன்னா சொந்த வருமானத்துக்கு ரெண்டு மூணு வருஷ வருமான வரி ரிட்டர்ன் கேப்பாங்க, அது எங்க இருந்து வரும்? லோன் போட்டு வாங்கணும்னு நினைக்கறவங்க வேலைல இருக்கும்போதே போட்டு முடிச்சிருக்கணும், நான் அப்படித்தான் பண்ணேன். கம்பெனி குடுத்த ஹெல்த் இன்ஷூரன்ஸும் வேலையோட போயிடும், வேற பாலிசி எடுத்து வச்சிட்டுதான் பேப்பர் போடணும், அதுவும் பிபி சுகர் இருந்தா புது பாலிசில வெயிட்டிங் பீரியட் போடுவாங்க. இது ரெண்டுமே அந்த ரெண்டு நாள்ல ஒரு ஸ்லைடுல கூட வரல. வேலைய விடச் சொல்ற கிளாஸ்ல வேலைய எப்படி விடறதுன்னே சொல்லித்தரல.

அப்புறம் அந்த "வாடகையே ஈஎம்ஐ கட்டும்" ஸ்லைடு. நான் ஸ்பைரல் புக்கு பின்னாடியே கணக்கு போட்டேன். 60 லட்சம் ஃப்ளாட், 12 லட்சம் கைக்காசு, 48 லட்சம் லோன், எட்டரை பர்சன்ட் வட்டி, 20 வருஷம்னா மாசம் ஈஎம்ஐ சுமார் 41,600. அந்த மாதிரி ஃப்ளாட்டுக்கு எங்க ஏரியால 16,000 வாடகை கெடச்சா சந்தோஷப்படணும். மிச்சம் 25,000 சொச்சம் யாரு குடுப்பா, கோட் சாரா? அதுலயும் ஒரு மாசம் ஆள் இல்லாம காலியா கிடக்கும், பெயின்ட், மோட்டார் ரிப்பேர், சொத்து வரி, அசோசியேஷன் மெயின்டெனன்ஸ்னு தனித்தனியா போகும். வருஷத்துக்கு வீட்டு விலைல மூணு பர்சன்ட் வாடகை வர்றதே இங்க பெரிய விஷயம். நான் கைய தூக்கி இத கேட்டேன். "மேடம், நெகட்டிவ் மைண்ட்செட்ட வெளில விட்டுட்டு வாங்க"ன்னாரு, எல்லாரும் கைதட்டினாங்க. நானும் தட்டினேன், வேற என்ன பண்றது.

மனை கணக்கு இன்னும் மோசம். 20 லட்சத்துக்கு மனை வாங்கி மூணு வருஷத்துல டபுள்னு போட்டிருந்தாங்க. வாங்கற செலவே அதுல இல்ல. தமிழ்நாட்டுல கிரயப் பத்திரத்துக்கு ஸ்டாம்ப் டூட்டி 7 பர்சன்ட், ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் 2 பர்சன்ட், ஆக மொத்தம் 9. அரசு வச்சிருக்கற கைடுலைன் வேல்யூ, பத்திரத்துல போடற விலை, ரெண்டுல எது ஜாஸ்தியோ அதுக்கு கட்டணும். 20 லட்சத்துக்கு பதிஞ்சா 1,80,000 அங்கயே போச்சு, புரோக்கர், பத்திரம் எழுதறவரு, வக்கீலு எல்லாம் சேர்த்தா ரெண்டே கால் லட்சத்த தாண்டும். (பொம்பளைங்க பேர்ல 10 லட்சத்துக்குள்ள பதிஞ்சா ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ்ல ஒரு பர்சன்ட் கம்மி, 2025 ஏப்ரல்ல இருந்து. இத கூட அங்க யாரும் சொல்லல, என் நாத்தனார் சொல்லித்தான் எனக்கு தெரியும்.) விக்கும்போது ரெண்டு வருஷத்துக்குள்ள வித்தா லாபம் உங்க வருமானத்தோட சேர்ந்து ஸ்லாப் படி வரி, அதுக்கு மேல வச்சிருந்து வித்தா பன்னிரண்டரை பர்சன்ட், 2024 ஜூலை 23ல இருந்து வாங்கின மனைக்கு இன்டெக்சேஷன் (விலைவாசிக்கு ஏத்த மாதிரி வாங்கின விலைய கூட்டிக் காட்டறது) கழிவும் கிடையாது. எல்லாத்துக்கும் மேல, காலி மனை மாசாமாசம் ஒத்த ரூபா தராது. சம்பளம் நின்ன வீட்டுக்கு அரிசி பருப்பு எங்க இருந்து வரும்? மனை நல்ல சொத்துதான், ஆனா அது சம்பளத்த சேர்த்து வைக்கற இடம், சம்பளத்துக்கு பதிலா வர்றது இல்ல. எனக்கு இந்த கிளாஸ் மேல இருக்கற கோவமே இது ரெண்டையும் வேணும்னே குழப்பறாங்கங்கறதுதான்.

சாப்பாடு நல்லா இருந்துச்சு. வத்தக்குழம்பு, அப்பளம், பாயாசம். குறை சொல்ல மாட்டேன்.

ரெண்டாவது நாள் காலைல வந்தாரு பாருங்க ஒரு வக்கீல் சார். வயசு எழுபது இருக்கும், வெள்ள சட்டை, மைக்கே வேணாம்னுட்டாரு, கைல ஒரு பழைய ரெக்சின் பை. ஸ்லைடு கிடையாது. வந்த உடனே எல்லாருக்கும் ஒரு செட் ஜெராக்ஸ் குடுத்து, "பேரெல்லாம் மாத்தி வச்சிருக்கேன், இந்த சொத்த வாங்கலாமா கூடாதா, அரை மணி நேரம், பார்த்து சொல்லுங்க"ன்னு உக்காந்துட்டாரு.

செட்டுல என்னன்னா, 1962ல அப்பா வாங்கின கிரயப் பத்திரம், அவரு 1984ல இறந்ததுக்கு டெத் சர்டிபிகேட், 1996ல மூணு பசங்க போட்டுக்கிட்ட பாகப்பிரிவினை பத்திரம், மூத்தவர் பேர்ல பட்டா, 30 வருஷ ஈசி (வில்லங்கச் சான்று). ஈசில ஒரு அடமானம் இல்ல, வழக்கு இல்ல, சுத்தமா இருக்கு. பட்டால பேரு சரி, சர்வே நம்பர் சரி, எஃப்எம்பிங்கற நில அளவை வரைபடத்துல அளவும் சரி. ஹால்ல பாதி பேர் வாங்கலாம்னு சொல்லிட்டாங்க.

எனக்கு என்னமோ உறுத்துச்சு. இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் டினை ஆனா காரணம் முதல் பக்கத்துல இருக்காது, நடுவுல எங்கயோ யாரும் படிக்காத வரில இருக்கும், அத தேடறதுதான் எனக்கு இத்தன வருஷமா சோறு போட்டுச்சு. அதனால பாகப்பிரிவினை பத்திரத்த வரி வரியா படிச்சேன். அந்த கால பத்திரத் தமிழ், ஒரே வாக்கியம் ஒன்றரை பக்கம் போகுது. அதுல ரெண்டாவது பக்கத்துல, சகோதரிகள் இருவருக்கும் திருமணம் செய்வித்து சீர் செனத்திகள் செய்து முடித்துவிட்டபடியால் நாங்கள் மூவரும் இதன்கீழ் கண்ட சொத்தை பாகம் செய்துகொள்வதுன்னு இருந்துச்சு. ரெண்டு அக்கா தங்கச்சி! அவங்க கையெழுத்து எங்கயும் இல்ல, பங்க விட்டுக்குடுக்கற விடுதலைப் பத்திரமும் இல்ல. அம்மா பேரும் காணோம்.

சொன்னேன். வக்கீல் சார் மொத தடவையா சிரிச்சாரு. "சீர் செஞ்சிட்டா பங்கு போயிடுமாம்மா?"ன்னு கேட்டுட்டு விளக்கினாரு. அது அப்பா சொந்தமா சம்பாதிச்சு வாங்கின சொத்து, அவரு உயில் எழுதாம இறந்துட்டாரு, 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பொண்டாட்டி, பசங்க, பொண்ணுங்க எல்லாருக்கும் சம பங்கு, கல்யாணம் ஆச்சா இல்லையாங்கற பேச்சே கிடையாது. பூர்வீக சொத்துன்னா கணக்கு வேற, அதுக்கு தமிழ்நாட்டுல 1989ல ஒரு திருத்தம், அப்புறம் 2005ல மத்திய சட்டத் திருத்தம். ஈசிங்கறது ரெஜிஸ்டர் ஆனத மட்டும்தான் காட்டும், கையெழுத்து போடாத தங்கச்சிய ஈசி காட்டாதுன்னாரு. அதுக்குத்தான் தாய் பத்திரம் (சொத்தோட பழைய மூலப் பத்திரம்), வாரிசு சான்று எல்லாத்தையும் வாங்கி உக்காந்து படிக்கணும்னு.

அப்புறம் அவரு சொன்னது எல்லாமே நோட்ல எழுதிக்கிட்டேன். ஈசி ஆன்லைன்லயே இலவசமா பார்க்கலாம், பட்டா சிட்டாவும் அரசு இ-சேவை தளத்துல சர்வே நம்பர் போட்டா வரும், ஆனா அதோட நிக்காம ஏ-ரெஜிஸ்டர்ங்கற வருவாய்த் துறை பதிவேட்ட எடுத்து நிலத்தோட வகை என்னன்னு பாருங்கன்னாரு. புறம்போக்கு, கோயில் நிலம், வக்ஃபு மாதிரி பஞ்சமியும் இருக்கான்னு பார்க்கணும். செங்கல்பட்டு கலெக்டரா இருந்த டிரெமென்ஹீர் குடுத்த அறிக்கைக்கு அப்புறம் 1892ல இருந்து பட்டியல் சமூகத்து ஜனங்களுக்கு குடுத்த நிலம் அது, வேற யாருக்கும் விக்க முடியாதுன்னு கண்டிஷனோட குடுத்தது. செங்கல்பட்டு காஞ்சிபுரம் பக்கம் மனை தேடறவங்க இத கட்டாயம் பார்க்கணும்னாரு. "மாட்டிக்கிட்டா காசு போயிடும்னு மட்டும் யோசிக்காதீங்க, அது யாரோட நிலம்னும் யோசிங்க"ன்னு ஒரு வார்த்தை சொன்னாரு. ஹால் கொஞ்ச நேரம் கப்சிப்.

பஞ்சாயத்து அப்ரூவல்னு எவனாவது சொன்னா டீ குடிச்சிட்டு எந்திரிச்சு வந்துடுங்க, மனைப்பிரிவுக்கு டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) இல்லன்னா சிஎம்டிஏ (சென்னை பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அப்ரூவல்தான் செல்லும், அப்ரூவல் இல்லாத மனைக்கு 2016 அக்டோபர் 20தான் கட்-ஆஃப், வரன்முறைத் திட்டம் எல்லாம் அதுக்கு முன்னாடி பதிஞ்ச மனைக்குத்தான்னாரு. பவர் பத்திரம் வச்சிருக்கேன்னு விக்க வந்தா, பவர் குடுத்தவர் உயிரோட இருக்காரான்னு பார்க்கணும், வெறும் பவர வச்சு சொத்து கைமாறாதுன்னு 2011லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. எஃப்எம்பில வாய்க்கால் கோடு எப்படி இருக்கும், வண்டிப்பாதை எப்படி இருக்கும்னு பேனாவால வரைஞ்சே காமிச்சாரு. மூணு மணி நேரம் போனதே தெரியல. இவர மட்டும் ரெண்டு நாளும் பேச விட்டிருந்தா நான் அஞ்சுக்கு அஞ்சு போட்டிருப்பேன்.

மத்தியானம் வேன்ல ஏத்தினாங்க, "ப்ராக்டிகல் ட்ரெயினிங்"ன்னு. எங்க போறோம்னு கடைசி வரைக்கும் சொல்லல. பெங்களூர் ஹைவேல போய் சுங்குவார்சத்திரம் தாண்டி உள்ள திருப்பினப்பவே புரிஞ்சிடுச்சு, பரந்தூர் ஏர்போர்ட் பேர சொல்லி மனை விக்கற சைட்டு. ஏர்போர்ட் இடத்த 2022ல அறிவிச்சதுல இருந்து அந்த ரூட்ல ஆர்ச் இல்லாத வயலே இல்ல. ஏகனாபுரம் ஜனங்க நிலத்த குடுக்க மாட்டோம்னு அன்னில இருந்து போராடிட்டு இருக்காங்க, வேன்ல மைக் புடிச்சவரு அதப்பத்தி மூச்சு விடல, "இன்னும் பத்து வருஷத்துல இது இன்னொரு மீனம்பாக்கம்"னாரு. மீனம்பாக்கத்துல ரன்வே பக்கத்துல குடியிருக்கறவங்கள கேட்டுப் பாருங்க சார்.

சைட்டு பார்க்க அழகா இருந்துச்சு. ஆர்ச், தார் ரோடு, ரெண்டு பக்கமும் கொன்றை செடி, மஞ்ச பெயின்ட் அடிச்ச கல்லு. கரண்ட் கம்பம் நட்டிருக்காங்க, கம்பிதான் இல்ல. என்ன ஒரு கார்னர் மனைக்கு கூட்டிட்டு போன பையன் பாவம், வெயில்ல ஷூ டை எல்லாம் போட்டுக்கிட்டு வேர்த்து கொட்டறான், ரொம்ப மரியாதையா பேசினான். வாசல் போர்டுல ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) நம்பர் இருந்துச்சு, போன்ல எடுத்து தமிழ்நாடு ரெரா தளத்துல போட்டுப் பார்த்தேன். ப்ராஜெக்ட் நிஜம்தான். ஆனா பதிஞ்சிருக்கறது ஃபேஸ் ஒன்னு மட்டும், அதுல இருக்கற மனை நம்பர்ல எனக்கு காட்டின கார்னர் மனை நம்பர் இல்ல. "இது ஃபேஸ் ரெண்டு தானே தம்பி?"ன்னேன். "ஆமா மேடம், அப்ரூவல் வந்துட்டே இருக்கு, வந்துட்டா ரேட்டு ஏறிடும், இன்னிக்கே டோக்கன் போட்டுட்டா பழைய ரேட்டு, 25,000 கேஷா இருந்தா ரசீது உடனே"ன்னான்.

சட்டப்படி ஒவ்வொரு ஃபேஸும் தனியா பதியணும், பதியறதுக்கு முன்னாடி விளம்பரம் பண்றதோ புக்கிங் எடுக்கறதோ கூடாது. பதிஞ்சப்புறமும், ரெஜிஸ்டர் பண்ணின அக்ரிமென்ட் இல்லாம விலைல 10 பர்சன்டுக்கு மேல வாங்கக்கூடாது. 20,000த்துக்கும் அதுக்கு மேலயும் மனை அட்வான்ஸ கேஷா வாங்கறதே வருமான வரி சட்டத்துல தப்பு. இத அந்த பையன் கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது, அவனும் டார்கெட்டுக்கு ஓடறவன்தான். ஆனா காலைல அவ்ளோ அழகா ஒரு வக்கீல வச்சு பாடம் நடத்திட்டு, மத்தியானமே அந்த பாடத்துக்கு நேர் எதிரா ஒரு இடத்துல கொண்டு போய் இறக்கறாங்க பாருங்க, அதுதான் எனக்கு ஆத்தாமை. அந்த வேன்ல இருந்த மூணு பேர் டோக்கன் போட்டுட்டாங்க. கமிஷன் கிளாஸ்காரங்களுக்குத்தான்னு திரும்பி வரும்போது டிரைவர் அண்ணனே சொன்னாரு.

திரும்பி வந்தா காபியோட "மென்டர்ஷிப் ப்ரோக்ராம்" ஃபாரம், 60,000 ரூபாய், இன்னிக்கு மட்டும் 45,000. வாட்ஸப் குரூப், மாசம் ஒரு ஜூம் கால், "எக்ஸ்க்ளூசிவ் டீல்". அதாவது இதே மாதிரி மனைங்கள முதல்ல உங்களுக்கு காட்டுவாங்களாம், அதுக்கும் நீங்கதான் காசு குடுக்கணுமாம்.

சரி, நீ என்னதான் பண்ணேன்னு கேப்பீங்க. வேலைல இருக்கும்போதே தாம்பரம் தாண்டி ஒரு பழைய ஒரு பெட்ரூம் ஃப்ளாட்ட ரீசேல்ல வாங்கினேன், லோன சின்னதா வச்சுக்கிட்டேன், நகைய வித்ததும் அதுல சேர்த்தி. ஆஸ்பத்திரி நர்ஸ் பொண்ணுங்க ரெண்டு பேர் குடியிருக்காங்க, வாடகை நேரத்துக்கு வந்துடும். பகல்ல வீட்ல இருந்தே மெடிக்கல் கோடிங் கொஞ்சம் பார்க்கறேன், சம்பளம் முன்ன மாதிரி இல்ல, தூக்கம் இருக்கு. பிஎஃப் பணத்துல ஒரு பங்கு ரீட் யூனிட்டா வாங்கி வச்சிருக்கேன். கிளாஸ்ல வாயே திறக்காத இன்னொரு விஷயம் இது. ஆபீஸ் பில்டிங், மால் இதெல்லாம் மொத்தமா வச்சிருக்கற டிரஸ்ட், ஷேர் மாதிரி மார்க்கெட்ல வாங்கலாம், 2019ல எம்பஸிதான் இந்தியால முதல்ல வந்துச்சு, 2023ல வந்த நெக்ஸஸ்ல நம்ம வடபழனி விஜயா மாலும் ஒன்னு. பிரிச்சுக் குடுக்கற மாதிரி கைல நிக்கற காசுல 90 பர்சன்ட் யூனிட் வச்சிருக்கறவங்களுக்கு குடுத்தாகணும்னு ஷேர் மார்க்கெட்ட கண்காணிக்கற செபியோட ரூல். 2021ல இருந்து ஒத்த யூனிட் கூட வாங்கலாம், ஷேர் வச்சுக்கற டீமேட் கணக்கு போதும், ஸ்டாம்ப் பேப்பர் இல்ல, சித்தி பசங்க கையெழுத்து இல்ல. விலை ஏறும் இறங்கும், அது தெரிஞ்சு போகணும். கமிஷன் வராததால மேடைல யாரும் இதப்பத்தி பேச மாட்டாங்க.

அந்த ஓஎம்ஆர் தம்பி டோக்கன் போடல. வேன்ல என் பக்கத்துலதான் உக்காந்துட்டு வந்தான், பேப்பர் போடறத தள்ளி வச்சிட்டு முதல்ல டீம் மாத்தி கேக்கறேன்க்கான்னான். வயசு 27தான் ஆகுது அவனுக்கு.

போகலாமா வேணாமான்னா, வக்கீல் செஷனுக்கு மட்டும்னா போங்க. ரெண்டாவது நாளுக்கு மட்டும் காசு கட்டறேன்னு கேட்டா முதல்ல முடியாதும்பாங்க, கொஞ்சம் அழுத்திக் கேட்டா 3,000க்கு விடறாங்க, ரெண்டாவது நாள் வந்த ஒரு நர்ஸ் பொண்ணு அப்படித்தான் உள்ள வந்துச்சு. மத்தியானம் வேன் ஏறணும்னு கட்டாயம் இல்ல, லன்ச் முடிச்சிட்டு கிளம்பிடலாம். ஏறினீங்கன்னா பர்ஸ்ல கேஷ் வச்சுக்காதீங்க. ஹோட்டல்ல டூவீலர் பார்க்கிங் சுத்தமா இல்ல, மெட்ரோல போயிடுங்க.